பிளாஸ்டரை வெட்டியதும் கை சுகமாகிவிடுவதில்லை

பிளாஸ்டர் வெட்டி எடுத்த அன்றே கை சுகமாகிவிட்டது என்று தோட்டத்தில் எல்லோரும் நினைக்கிறோம். துரை அப்படித்தான் நினைக்கிறார். கணக்கப்பிள்ளையும் கை உடைந்தவளின் வீட்டுக்காரரும் அப்படித்தான். சங்கத்தில் இருக்கும் நாங்களும் அதையே நினைத்திருந்தோம். அது பிழை என்பதை எமது உறுப்பினர் ஒருவரின் வலது கை எங்களுக்குக் கற்றுத் தந்தது. அதில் எங்கள் தவறும் உண்டு. ஆகவே அதையும் சேர்த்தே இம்முறை எழுதுகிறோம்.

பெயர் போட வேண்டாம் என்று அந்த அக்கா கேட்டுக்கொண்டார். தோட்டத்தின் பெயரையும் விட்டுவிடுகிறோம். மழை நாளொன்றில் கொழுந்து நிறுக்க இறங்கி வரும்போது, கானைத் தாண்ட வைத்த கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தது. கையை ஊன்றி விழுந்து இந்த இடத்தில் முறிவது எங்கும் சாதாரணமாக நடப்பதுதான். வயது ஏறிய பெண்களுக்கு இன்னும் அதிகம். ஆஸ்பத்திரியில் எலும்பை நேராக்கி பிளாஸ்டர் போட்டார்கள். ஆறு வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பு நன்றாகப் பொருந்தியிருந்தது. டாக்டர் திருப்தியோடு பிளாஸ்டரை வெட்டினார்.

உள்ளேயிருந்து வெளியே வந்த கையைப் பார்த்துத்தான் அக்கா அழுதார். புறங்கை பொம்மிப்போய் இருந்தது. விரல்கள் ஐந்தும் விறகுக் குச்சி போல நீட்டிக்கொண்டு நின்றன. மடக்கச் சொன்னார்கள், மடங்கவில்லை. ஒரு கிரேப் பண்டேஜைச் சுற்றிவிட்டு, பயிற்சி செய்யச் சொல்லி, இயன் மருத்துவரைப் பார்க்க அடுத்த கிழமைக்குக் கிளினிக் திகதி போட்டுக் கொடுத்தார்கள். சொன்னதெல்லாம் சிங்களத்தில். பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. கையில் கொடுத்த பயிற்சித் தாளில் படம் இருந்தது, ஆனால் எழுத்து தமிழில் இல்லை. தமிழ் அரச கரும மொழியாகி எத்தனை வருடம் ஆகிறது! வீங்கிய கையோடு நிற்கும் ஒரு பெண்ணுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததில்தான் எங்கள் பங்கு வருகிறது. பிளாஸ்டர் வெட்டியாகிவிட்டது, இனி வேலைக்கு வரவேண்டும், வராவிட்டால் பேர் இல்லை என்று தோட்ட நிர்வாகம் சொன்னது. எங்கள் தோட்டத் தலைவர் காரியாலயத்துக்குப் போய் நின்று வாதாடி, கொழுந்துக்கு அனுப்பாமல் “லேசான வேலை” வாங்கிக் கொடுத்தார். அன்று அதை ஒரு வெற்றி என்றே நினைத்தோம். லேசான வேலை என்று கொடுத்தது புல்லு வெட்டு. இடது கையால் செய்யலாம் என்றார்கள். சுரண்டியை ஒற்றைக் கையால் பிடித்து யார் புல்லு வெட்டுவது? கிளினிக் நாளில் போனால் அன்றைய பேர் போய்விடும் என்பதால் அக்கா முதல் திகதியைத் தவறவிட்டார். அடுத்ததையும் தவறவிட்டார். பண்டேஜ் மழையில் நனைந்து சேறானதும் கழற்றி எறிந்துவிட்டார். மூன்று மாதம் கழித்து எங்கள் மாதர் பிரிவுக் கூட்டத்துக்கு வந்தபோது மோதிர விரலும் சுண்டுவிரலும் பாதிக்கு மேல் மடங்க மறுத்தன.

“கொழுந்தக் கிள்ளுறேன்க்கா, பிடியில நிக்க மாட்டேங்குது, வழியெல்லாம் கொட்டுது” என்று சொன்னார்.

கொழுந்து பறிக்காதவர்களுக்கு இந்தப் பேச்சின் கனம் தெரியாது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளும். கிள்ளிய இலையை உள்ளங்கைக்குள் வைத்துக் காப்பது மற்ற மூன்று விரல்கள். கை நிறைந்த பிறகுதான் தோளுக்கு மேலால் கூடைக்குப் போகும். அந்தக் கடைசி இரண்டு விரல்கள் மடங்காவிட்டால் நாலு இலைக்கு ஒருமுறை கையைக் கூடைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு தோட்டத்தில் 18 கிலோ, இன்னொரு தோட்டத்தில் 20 கிலோ என்று கேட்கும் காலத்தில் அந்தக் கை எத்தனை கிலோ கொண்டுவரும்? தராசு விரலைப் பார்ப்பதில்லை. அரைப்பேர்தான்.

அதன் பிறகுதான் நாங்கள் விசாரிக்கத் தொடங்கினோம். கைக்குச் சிகிச்சை கொடுக்கும் இயன் மருத்துவர்களிடமும், தொழில்வழிச் சிகிச்சையாளர் என்று ஆஸ்பத்திரியில் அழைக்கப்படுபவர்களிடமும் கேட்டோம். அவர்கள் சொன்னதில் எங்களுக்கு விளங்கியதை எமது பேச்சில் சொல்கிறோம்.

முதலில் வீக்கம். அடிபட்ட கை வீங்குவது இயற்கை. கையைத் தொங்கப் போட்டு, விரலை அசைக்காமல் வைத்திருந்தால் அந்த நீர் அங்கேயே தங்கிவிடுகிறது. கேகாலை, களுத்துறைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் இருக்கும் எமது உறுப்பினர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வெட்டிய பாலைச் சிரட்டையிலேயே விட்டுவைத்தால் என்ன ஆகும்? உறைந்து ஒட்டிக்கொள்ளும். கையில் தங்கிய வீக்கமும் ஏறக்குறைய அப்படித்தான். தோலுக்கும் நரம்புக்கும், எலும்பு மூட்டுக்கும் அதன் உறைக்கும் இடையில் அந்த நீர் பசைபோல் இறுகுகிறது. முதலில் வீக்கம், பிறகு விறைப்பு. ஆகவே விறைப்புக்கு வைத்தியம் விறைத்த பிறகு தொடங்குவதில்லை, வீங்கிய முதல் நாளே தொடங்குகிறது.

முதல் நாள் செய்ய வேண்டியது பணம் செலவாகும் காரியம் ஒன்றுமில்லை. கையில் அடிபட்டவுடனேயே வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும். தாலிக்கு அடுத்தபடி கழற்ற மனம் வராத பொருள் கல்யாண மோதிரம் என்பது தெரியும். இருந்தாலும் வீங்கிய பிறகு அதை வாளால் அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். பிளாஸ்டர் போட்ட கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். படுக்கும்போது இரண்டு தலையணை, அல்லது மடித்த கம்பளி. பகலில் தூளியில் கை தொங்கினால் விரல்கள் முழங்கையை விடத் தாழ்ந்துவிடக் கூடாது. பிளாஸ்டருக்கு வெளியே இருக்கும் விரல்களை, டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை, முழுதாக மடக்கி முழுதாக நீட்ட வேண்டும். மணிக்கொரு தடவை செய்தாலும் தகும். பிளாஸ்டர் உள்ளங்கையின் மடிப்பு ரேகையைத் தாண்டி விரல் வரைக்கும் வந்து, விரல் அடி மூட்டை மடக்க விடாமல் தடுத்தால், “ஐயா, விரல் மடங்கவில்லை” என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். கேட்பதற்கு வெட்கம் வேண்டாம். விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, தாங்க முடியாமல் வலித்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிளாஸ்டருக்குப் பிறகு வருவதுதான் சுற்றுப்பட்டி. விரலுக்கென்று ஒரு அங்குல அகலத்தில், தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் இழுபடும் பட்டி இருக்கிறது. எல்லா இடத்திலும் கிடைக்காது. முழுக் கைக்கு கிரேப் பண்டேஜ் போதும். சுற்றும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. எம்மில் பலர் மணிக்கட்டில் தொடங்கி விரலை நோக்கிச் சுற்றுகிறோம். அது தலைகீழ். அப்படிச் சுற்றினால் நீர் நுனிக்குத் தள்ளப்பட்டு அங்கேயே மாட்டிக்கொள்ளும். நுனியிலிருந்து தொடங்கி உள்ளங்கையை நோக்கி வரவேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றில் பாதியை மூட வேண்டும். நுனியில் சற்று இறுக்கம், மேலே வர வரத் தளர்வு. நகம் வெளியே தெரிய வேண்டும். நகத்தை அமுக்கிவிட்டால் வெளுத்து, உடனே மறுபடியும் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் இறுக்கம் அதிகம், கழற்றிவிட்டு மறுபடியும் சுற்றுங்கள். புண்ணில் சீழ் வைத்திருந்தாலும் சிவந்து சுட்டாலும் சுற்றக் கூடாது, முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். நனைந்த பட்டியோடு ஒரு நிமிடமும் இருக்கக் கூடாது. மலையில் நாள் முழுக்க மழையில் நிற்கும் ஒருத்தியால் இதை எப்படிக் கடைப்பிடிக்க முடியும் என்று கேட்பீர்கள். அதே கேள்வியைத்தான் நாங்களும் நிர்வாகத்திடம் கேட்கப் போகிறோம்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. வயதானவர்கள் எண்ணெய் காய்ச்சித் தடவுவதை யாரும் குறை சொல்லவில்லை. விரல் நுனியிலிருந்து மணிக்கட்டை நோக்கி மெதுவாக வருடிவிடுவதை ஆஸ்பத்திரியிலும் சொல்லித் தருகிறார்கள். ஆனால் விறைத்த விரலைப் பிடித்து “டக்” என்று மடக்கிவிடும் கைகாரர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் போகாதீர்கள். உள்ளே கிழியும். கிழிந்தது வீங்கும், வீங்கியது முன்னைவிட இறுகும். இன்னொன்று: கை பளபளத்து, வேர்த்து, நிறம் மாறி, துணி பட்டாலே எரிகிறது என்றால் அது வெறும் விறைப்பாக இல்லாமல் இருக்கலாம். பிந்தாமல் கிளினிக்கில் காட்ட வேண்டும்.

இனி ஸ்பிளிண்ட். எமது பாட்டன்மார் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டியது பலருக்கு நினைவிருக்கும். அது உடைந்த எலும்பு அசையாமல் இருக்க. இங்கே நாங்கள் சொல்லும் ஸ்பிளிண்டின் வேலை வேறு. விறைத்த மூட்டைக் கொஞ்சம் இழுத்த நிலையில் பிடித்து வைத்திருப்பது, அல்லது கை கெட்ட நிலையில் இறுகிவிடாமல் நல்ல நிலையில் வைத்திருப்பது. சுடுநீரில் போட்டால் இளகும் ஒருவகை பிளாஸ்டிக் தகட்டைக் கையின் அளவுக்கு வளைத்துச் செய்கிறார்கள். சிலவற்றில் இறப்பர் பட்டி வைத்து விரலை மெதுவாக இழுக்கும். கையைச் சும்மா வைத்துக் கட்டும்போது விரல்களை நேராக நீட்டிக் கட்டக் கூடாதாம். மணிக்கட்டு சற்றுப் பின்னால் சாய்ந்து, விரல் அடி மூட்டுகள் நன்றாக மடங்கி, நடு மூட்டும் நுனி மூட்டும் நேராக இருக்க வேண்டும். அடி மூட்டு நீட்டியபடி வாரக்கணக்கில் கிடந்தால் அதன் பக்கத்து நார்கள் சுருங்கி, பிறகு மடங்கவே மடங்காது. அந்த அக்காவுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறோம்.

விறைத்த கைகளுக்கு மெதுவான வைத்தியத்தைக் காட்டியவர்களில் ஒருவர் போல் பிராண்ட் என்ற சத்திர சிகிச்சை நிபுணர். 1914இல் கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர், 1946இல் வேலூருக்கு வந்து தொழுநோயாளர்களின் மடங்கிப்போன கைகளுக்கு வைத்தியம் செய்தார். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. மடங்கிய விரலைச் சுற்றிச் சாதாரண பிளாஸ்டரை ஒரு குழாய் போலப் போடுவது, சில நாட்களில் கழற்றி, இளகிய அளவுக்குக் கொஞ்சம் நீட்டி மறுபடியும் போடுவது. தசையையும் நாரையும் பலவந்தமாக இழுத்தால் கிழியும், மெதுவாக நீண்ட நேரம் இழுத்து வைத்தால் அவை வளர்ந்து கொடுக்கும் என்பது அவர் கொள்கை. எலும்பு முறிவுக்குப் போடும் அதே பிளாஸ்டர்தான் இதற்கும். பிளாஸ்டர் இல்லாத அரசாங்க ஆஸ்பத்திரி ஏது? ஆகவே சாமான் இல்லை என்ற பதிலை இலகுவில் ஏற்றுக்கொள்ள நாங்கள் தயாரில்லை.

முழுக் கையும் மடங்காதவர்களுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சுற்றுக் கட்டும் உண்டு. இளஞ்சூடான நீரில் கையைச் சிறிது நேரம் வைத்திருந்து, முடிந்த அளவுக்கு விரல்களை மடக்கி, அந்த நிலையிலேயே கிரேப் பண்டேஜால் தளர்வாகச் சுற்றி பத்துப் பதினைந்து நிமிடம் வைத்திருப்பது. இழுபடுவது தெரிய வேண்டும், வலி தெரியக் கூடாது. அவிழ்த்தவுடன் விரல்களைத் தானாக மடக்கி நீட்ட வேண்டும். எலும்பு பொருந்திவிட்டது, இதைச் செய்யலாம் என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் தொடங்க வேண்டும். இந்தப் பத்திரிகையைப் படித்துவிட்டு நேற்று உடைந்த கையைச் சுற்றிக் கட்டிவிடாதீர்கள்.

இவ்வளவையும் கேட்டபின் எங்களுக்கு உறைத்தது ஒன்றுதான். இந்த வைத்தியத்தின் மருந்து நேரம். ஸ்பிளிண்ட் எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதில் பெரிய பலனில்லை, ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் கையில் இருக்கிறது, எத்தனை கிழமை விடாமல் போடுகிறோம் என்பதில்தான் பலன். அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் காசில்லை, கிளினிக்குக் காசில்லை. தொழிலாளிக்குச் செலவாவது பஸ் காசும் போன பேரும் மட்டுமே. மேல் டிவிசனிலிருந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு முழுநாள் வேண்டும். கிழமைக்கொரு முறை வரச் சொன்னால் மாதத்துக்கு நாலு பேர் போகிறது. நாலு பேர் போனால் கடைக் கணக்கு நிற்கிறது. பிறகு எங்கே கிளினிக்?

ஸ்டோரில் ரோலர் பழுதானால் என்ன செய்கிறார்கள்? கொழும்பிலிருந்து ஆள் வருகிறது, பாகம் வருகிறது, சரியாக ஓடுகிறதா என்று பார்த்த பிறகே இலை போடுகிறார்கள். பாதி திருத்திய ரோலரில் இலை போட எந்தத் துரையும் சம்மதிக்க மாட்டார். பாதி திருத்திய கையை மட்டும் மலைக்கு அனுப்புகிறார்கள்.

வேலை நேரத்தில் வேலையினால் ஏற்பட்ட காயத்துக்கு முதலாளி பொறுப்பு என்பது புதிய விஷயமல்ல. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்தது. ஆனால் தோட்டத்தில் அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. விழுந்த அன்று யாரும் எழுதி வைப்பதில்லை. கங்காணியிடம் வாயால் சொல்வதோடு சரி. மாதம் கழித்துக் கேட்டால், “வீட்டுப் படியில் விழுந்ததுதானே” என்கிறார்கள். ஆகவே காயம் பட்ட அன்றே தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, மலையில் வேலை செய்யும்போது நடந்தது என்று துண்டில் எழுதி வாங்குங்கள். பக்கத்து நிரையில் நின்ற இரண்டு பேரின் பெயரையும் தலைவரிடம் சொல்லி வையுங்கள்.

விறைத்த விரலுக்கு நட்டஈடு கேட்பது துண்டான விரலுக்குக் கேட்பதைவிடக் கஷ்டம். துண்டானது கண்ணுக்குத் தெரியும். விறைத்த விரல் பார்வைக்கு முழு விரல். அது எத்தனை பாகை மடங்குகிறது, எத்தனை பாகை மடங்கவில்லை என்று இயன் மருத்துவர் அளந்து கிளினிக் கொப்பியில் எழுதியிருந்தால்தான் அதை வைத்துப் பேச முடியும். கிளினிக்குப் போகாதவரிடம் அந்த எழுத்து இருக்காது. போகவிடாமல் தடுத்த நிர்வாகமே பிறகு “சான்று எங்கே?” என்று கேட்கும். இதையும் அனுபவத்தில் பார்த்துவிட்டோம். சிகிச்சை முடியும் முன்னே ஒரு தொகையைக் கொடுத்து, இனிக் கேட்கமாட்டேன் என்று கையெழுத்து வாங்க வந்தால் போடாதீர்கள். கைநாட்டும் வைக்காதீர்கள். அந்தக் கடிதத்தோடு முதலில் சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்துக்கு வாருங்கள்.

குற்றம் முழுவதையும் துரைமார் தலையில் போட்டுவிட்டு நாம் ஒதுங்கவும் முடியாது. கவ்வாத்து வெட்டும்போது கத்தி தவறி இடது உள்ளங்கையில் பட்டு, இரண்டு விரல்களின் நரம்பு அறுந்த ஒரு தம்பியை எங்களுக்குத் தெரியும். நாம் நரம்பு என்று சொல்வது விரலை மடக்கும் நார்க்கயிறு. அதைத் தைத்து, விரல்கள் மடங்கிய நிலையில் புறங்கைப் பக்கமாக ஸ்பிளிண்ட் போட்டு விட்டார்கள். அப்படித் தைத்தால் ஏறக்குறைய ஆறு கிழமை ஸ்பிளிண்டைக் கழற்றக் கூடாது. அதற்குள்ளேயே சொல்லிக் கொடுத்த அசைவை மட்டும் செய்ய வேண்டும். பாரமான வேலைக்குக் கிட்டத்தட்ட மூன்று மாதம் போக வேண்டும். நாலாவது கிழமையில் மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. தம்பி ஸ்பிளிண்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தேர் வடம் பிடித்தார். தைத்தது உள்ளே அறுந்துவிட்டது. பக்கத்தில் நின்ற எத்தனை பேர், “என்னடா, இன்னும் அந்தத் தகட்டைக் கட்டிக்கிட்டு?” என்று கேட்டிருப்போம்! ஸ்பிளிண்டோடு நடப்பவரைச் சோம்பேறி என்று பார்க்கும் பழக்கம் லயத்தில் இருக்கிறது. அது துரையின் பழக்கம், நமக்கு எதற்கு?

வீட்டுக்குள் நடப்பதையும் சொல்லாமல் விட மனமில்லை. கை உடைந்த பெண்ணுக்கு மலையில் ஓய்வு கிடைத்தாலும் வீட்டில் கிடைப்பதில்லை. விறகு பிளக்க, தண்ணீர் தூக்க, ரொட்டிக்கு மா பிசைய, போர்வை துவைத்துப் பிழிய யார்? வீங்கிய மணிக்கட்டுக்குத் துணி பிழிவதைவிடக் கெட்ட வேலை கிடையாது. அண்ணன்மாரே, ஆறு கிழமை துணி துவைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. துவைக்கும் தண்ணிப் பீலியில் யாராவது சிரித்தால் இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள்.

நிர்வாகத்தோடு அடுத்த பேச்சுவார்த்தையில் நாங்கள் முன்வைக்கப் போவது சம்பளக் கோரிக்கையைப் போலப் பெரிய சத்தம் போடும் விஷயமல்ல. ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டோம். வேலையில் காயம்பட்டவர் கிளினிக் கொப்பியில் திகதி குறித்துக் கொடுத்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனால், அன்றைய பேர் விழ வேண்டும். லேசான வேலை எது என்பதைக் கணக்கப்பிள்ளை தீர்மானிக்கக் கூடாது, எந்தக் கையால் என்ன செய்யலாம் என்று வைத்தியர் எழுதித் தரும் துண்டு தீர்மானிக்க வேண்டும். புல்லு வெட்டும் சரி, நாற்று மேடையில் மண் நிரப்புவதும் சரி, வீங்கிய கைக்கு லேசான வேலையல்ல. தோட்ட டிஸ்பென்சரியில் கிரேப் பண்டேஜும் விரல் பட்டியும் எப்போதும் இருக்க வேண்டும், அதைச் சரியாகச் சுற்ற அங்கே இருப்பவருக்குப் பழக்க வேண்டும். மாதத்தில் ஒரு நாளாவது இயன் மருத்துவர் ஒருவர் தோட்டத்துக்கு வருவதற்குச் சுகாதார அதிகாரிகளோடு பேச வேண்டும். ஐம்பது பேர் பட்டணத்துக்குப் போவதைவிட ஒருவர் மலைக்கு ஏறி வருவது எளிது. பயிற்சித் தாள் தமிழில் வேண்டும். அதை அச்சடித்துக் கொடுக்கும் செலவைச் சங்கமே ஏற்கவும் தயார்.

இதைக் கேட்கும் சில தலைவர்மாரே, இது என்ன சின்ன விஷயம், சம்பளம் பேசுகிற இடத்தில் பண்டேஜ் பேசுவதா என்று கேட்கிறார்கள். சம்பளம் கூடினால் அந்த அக்காவுக்கு என்ன வந்தது? அவருக்கு விழுவது அரைப்பேர். கூடிய சம்பளத்திலும் பாதிதான்.

அக்கா இப்போது மறுபடியும் கிளினிக்குப் போகிறார். எங்கள் மாவட்டக் காரியாலயம் பேசி, அந்த நாட்களுக்குப் பேர் போடத் தோட்டம் இப்போதைக்குச் சம்மதித்திருக்கிறது. எழுத்தில் இல்லை, வாயளவில். இரவில் ஸ்பிளிண்ட் போட்டுப் படுக்கிறார், பகலில் வேலை இல்லாத நேரம் மடக்கிச் சுற்றுகிறார். பிந்தித் தொடங்கியதால் முழுதாக வரும் என்று யாரும் அவருக்கு உறுதி சொல்லவில்லை. போன கூட்டத்தில் தேத்தண்ணிக் கோப்பையை வலது கையால் பிடித்துக் காட்டினார். சுண்டுவிரல் இன்னும் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருந்தது.

உங்கள் தோட்டத்தில் வேலையில் அடிபட்டு விரல் மடங்காமல் இருப்பவர்கள், பிளாஸ்டர் வெட்டி எத்தனை காலமானாலும், காயம்பட்ட திகதியையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு தோட்டத் தலைவரிடமோ மாதர் பிரிவுத் தலைவியிடமோ பெயரைப் பதியுங்கள். கொப்பி இல்லாதவர்களும் பதியலாம். பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அந்தப் பட்டியலையும் கையோடு கொண்டுபோகிறோம்.